பஸ்தி அண்ணையின் வலது சப்பாத்து

பஸ்தி அண்ணை கஞ்சா அடித்துத்தான் செத்தவர் என்று அவருடைய செத்தவீட்டிலேயே ஒரு ஆள் சொன்னது. கையில் தேத்தண்ணிக் கோப்பை, வாயில் கேக். பெட்டியை மண்ணுக்குள் இறக்கிவிட்டு வந்து அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. நான் பக்கத்தில் கதிரைகளை அடுக்கிக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்திருந்தால் தூசணம்தான் வந்திருக்கும். அவருடைய மனுசி மெற்றில்டா அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கினேன். விழுங்கியது இறங்கவில்லை. இத்தனை வருசம் போயும் தொண்டையில் மீன்முள் மாதிரிக் குத்திக்கொண்டு நிற்கிறது.

அந்த மனுசன் செத்தது பித்தப்பையில் கல்லிருந்து, அது அழுகி, இரத்தத்தில் நஞ்சு ஏறினதால். பித்தப்பைக்கும் கஞ்சாவுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு கதை வெளிக்கிட்டால் அதை மறிக்க ஆளில்லை. இப்போதும் சாமான் கடையில் என்னைக் கண்டால், “நீர் அந்தக் கஞ்சாக்காரற்றை வீட்டிலைதானே இருக்கிறீர்?” என்று கேட்கிறார்கள்.

ஓம், அந்த வீட்டில்தான் இருக்கிறேன். ஹை ஸ்ட்ரீட் நோர்த்துக்குப் பின்தெருவில், மேலறையில் வாடகைக்கு. கடைகளுக்கு மரக்கறிப் பெட்டி இறக்குகிற வான் ஓட்டம் எனக்கு. அதிகாலையில் போய் மத்தியானம் வந்துவிடுவேன். ஆகையால் பின்னேரங்களில் அந்த வீட்டில் நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும்.

பஸ்தியாம்பிள்ளை மன்னார்த் தீவு ஆள். கடல் தொழில் செய்தவர். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இங்கே வந்து, பொய்க்கால் போட்டுக்கொண்டு, இல்ஃபோர்ட் பக்கம் ஒரு பெற்றோல் ஸ்டேசனில் காசு வாங்குகிற டில்லில் நின்றார். ஞாயிறு பூசைக்குக் கோயில் வாசலில் நின்று பாட்டுப் புத்தகம் கொடுப்பார். நல்ல பகிடிக்காரன். பிள்ளைகள் வந்து காலைத் தட்டிப் பார்த்தால், “உள்ளை ஆரும் இல்லை, பிறகு வாங்கோ” என்பார்.

நான் அந்த வீட்டுக்கு வந்த முதல் மார்கழி. இந்த ஊரில் மார்கழியில் நாலு மணிக்கே இருண்டுவிடும். தெரு விளக்குகள் பற்றினதும் கீழே முனகல் கேட்டது. இறங்கிப் போனேன். பஸ்தி அண்ணை கதிரையில் இருக்கிறார், முகமெல்லாம் வியர்வை. மெற்றில்டா அக்கா நிலத்தில் குந்தியிருந்து பொய்க்காலின் சப்பாத்து நாடாவை, லேசை, அவிழ்க்கிறா.

“வந்திட்டான்,” என்றார் அவர்.

“ஆர் அண்ணை?”

“என்ரை கால்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “கால் உங்களோடை இல்லையே அண்ணை.”

“அதுதானே ராசா கரைச்சல். இருந்தால் தடவலாம். இல்லாததை எப்பிடித் தடவுறது?”

கதையைப் பிறகொரு நாள் சொன்னார். தொண்ணூறாம் ஆண்டு. அவருடைய அக்காவின் மகள் கோயிலில் முதல் நன்மை வாங்குகிற நாள். பூசைக்குப் போக இவரிடம் சப்பாத்து இல்லை, தம்பியின் சப்பாத்தை வாங்கிப் போட்டார். ஒரு சைஸ் சின்னது. விரலெல்லாம் மடங்கி நோகுது என்று சொல்லிச் சொல்லி நடந்தாராம். கோயிலுக்குப் போய்ச் சேரவில்லை. ஷெல் விழுந்து கெண்டைக்கால் எலும்பு நொறுங்கிப்போனது. பாதத்தில் ஒரு கீறலும் இல்லை. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரித் தொழிலாளி ஒருவர் கட்டிலடிக்கு வந்து, ஆறுதலுக்கென்று நினைத்துத்தான் சொல்லியிருக்கிறார்:

“தம்பி, உம்மடை காலை மரியாதையா மண்ணுக்கை தாட்டிட்டன். பின்வளவிலை. சப்பாத்தோடைதான்.”

“கழற்றேல்லையோ ஐயா?”

“எங்கை நேரம்? ஷெல் விழுந்துகொண்டெல்லோ இருக்கு.”

அன்றைக்குப் பின்னேரம் தொடங்கினதுதான். இல்லாத காலின் விரல்கள் மடங்கி, சின்னச் சப்பாத்துக்குள் நெரிபடும். வெளிச்சம் போகப் போக இறுகும். பொய்க்காலின் லேசை இளக்கினால் ஒரு சொட்டுக் குறையும் என்பார். மெற்றில்டா அக்கா கலியாணம் முடித்த நாளிலிருந்து இருட்டினவுடன் செய்கிற முதல் வேலை அது. விளக்குப் போடுவா, மடு மாதா படத்துக்கு முன்னால் சிலுவை போடுவா, லேசை இளக்குவா.

சண்டை முடிந்த பிறகு மன்னாருக்குப் போய்த் தேடினார். பின்வளவில் புதுக் கட்டடம். திரும்பி வந்து, விமான நிலையத்தில் என் வானில் ஏறினதும் சொன்ன முதல் கதை இதுதான்: “மேலை சிமெந்து போட்டிட்டாங்கள் ஜீவம். இனி ஆர் லேசை அவிழ்க்கிறது?”

நான் ரேடியோச் சத்தத்தைக் கூட்டிவிட்டேன். வேறு என்ன செய்ய?

டாக்டர்மார் சும்மா இருக்கவில்லை. நரம்புக்கென்று ஒரு குளிசை, நித்திரைக்கென்று ஒன்று, கடைசியில் அபின் வகைக் குளிசை. நோ குறையவில்லை, ஆள்தான் குறைந்துகொண்டு போனார். டில்லில் நின்றபடியே தலை விழுந்துவிட்டது. மனேச்சர் பெடியன் தோளில் தட்டி, “அங்கிள், வீட்டை போய்ப் படுங்கோ” என்றான். அதோடு வேலை போனது. பிறகு வீட்டில் இருந்து பின்னேரம் வருகிறதைப் பார்த்துக்கொண்டு இருப்பார். மூன்று மணிக்கே யன்னல் பக்கம் திரும்பிவிடுவார். விசிட்டர் வருகிற வீட்டில் வாசலைப் பார்ப்பார்களே, அப்படி.

அந்த நாளில்தான் கடையில் ஒருவர் காதுக்குள் சொன்னார், “பார்க்கிலை பெடியள் நிக்கிறாங்கள் அண்ணை. நாலு இழுவை இழுத்தால் உந்தக் கால் ஓடிப்போம்.” நான் வந்து சொன்னேன். பஸ்தி அண்ணைக்கு என் மேல் கோபம் வந்துவிட்டது.

“ஜீவம், இந்த நாட்டுக்குக் கள்ளப் பாஸ்போட்டிலைதான் வந்தனான். சிற்றிசன் கிடைச்ச அண்டு மாதாவுக்கு முன்னாலை முழந்தாள்... சரி, அரை முழந்தாளிலை நிண்டு சொன்னனான், இனிச் சாகுமட்டும் ஒண்டும் களவாய்ச் செய்யிறேல்லை எண்டு. கால் போனது போனதுதான். பேரும் போகவேணுமோ?”

அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். கால் கொஞ்சம் விடவேணும், பேர் கெடக்கூடாது. இரண்டும் சேர்ந்து கிடைக்கிற வழியைக் கண்டுபிடித்தது அவர்களுடைய ஒரே பிள்ளை, டிலக்சனா. மோர்டனில் கலியாணம் முடித்து இருக்கிறா.

“அப்பா, இட்ஸ் லீகல். ரெண்டாயிரத்துப் பதினெட்டிலையே மாத்திட்டினம். ஆனா ஸ்பெசலிஸ்ட் டாக்டர்தான் எழுதலாம். எங்கட ஜிபிக்கு ஏலாது.”

“கஞ்சாவையோ பிள்ளை?”

“மெடிசின், அப்பா. மெடிசின் எண்டு சொல்லுங்கோ.”

எழுதலாம் என்று சட்டம் இருந்தாலும் எழுதுகிற ஆளைப் பிடிப்பது லேசில்லை. ஜிபி, அதுதான் எங்கள் பகுதிக் குடும்ப டாக்டர், தன்னால் ஏலாது என்றார். பெரியாஸ்பத்திரியில் நோவுக்கென்று இருக்கிற பிரிவில், அரசாங்கக் கணக்கில் இப்படி நோவுக்குக் கொடுக்கிறதில்லை என்றார்கள். சிலவகை வலிப்புக்கும், உடம்பு விறைக்கிற ஒரு நரம்பு வருத்தத்துக்கும், புற்றுநோய் மருந்தால் வருகிற சத்தி வாந்திக்கும்தான் கொடுப்பார்களாம், அதுவும் எல்லாருக்கும் இல்லை. கடைசியில் காசு கட்டிப் பார்க்கிற கிளினிக். அவர்கள் முதலில் ஜிபியிடம் இருந்த பழைய விபரம் முழுவதையும் கேட்டார்கள். வேறு மருந்துகள் எடுத்தும் சரிவரவில்லை என்று தெரிந்தால்தான் பேசவே தொடங்குவார்கள்.

டாக்டர் லப்டொப்பில் வந்தா. வெள்ளைக்காரப் பெண், வயசானவ. எங்கே நோகிறது என்று கேட்டா. பஸ்தி அண்ணை லப்டொப்பைத் தூக்கிக் கீழே பிடித்து, முழங்காலுக்குக் கீழே வெறும் காற்றைக் காட்டினார். “இஞ்சை. இந்தச் சின்ன விரல் அடியிலை மடிஞ்சு கிடக்கு.” டிலக்சனா இங்கிலீசில் சொன்னா. நான் கதவடியில் நின்று, அந்த டாக்டர் சிரித்தால் லப்டொப்பை மூடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவ சிரிக்கவில்லை. “எவ்வளவு காலமாக மடிந்திருக்கிறது?” என்றா. அந்தக் கேள்விக்குப் பஸ்தி அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படி ஒருத்தரும் கேட்டதில்லை.

நாக்குக்குக் கீழே விட ஒரு எண்ணெய். திடீரென்று வந்தால் எடுக்கக் காய்ந்த பூ. பூவுக்கு நெருப்பு வைக்கக்கூடாது. சின்ன மெசினில் போட்டுச் சூடாக்கி வருகிற ஆவியை மட்டும் இழுக்க வேணும். பேப்பரில் சுற்றிக் கொளுத்தினால் டாக்டர் எழுதினதென்றாலும் குற்றம். தலை பாரமாக இருந்தால் கார் ஓடக்கூடாது. வேறு நாட்டுக்குக் கொண்டுபோக முதல் அந்த நாட்டுச் சட்டத்தை விசாரிக்க வேணும், சிலோனுக்கு என்றால் நினைக்கவே வேண்டாம். மற்ற ஆளுக்கு ஒரு துளியும் கொடுக்கக்கூடாது. பார்மசி அனுப்புகிற டப்பாவிலேயே, பேர் ஒட்டின லேபிளோடு வைத்திருக்க வேணும். எல்லாவற்றுக்கும் அவர் “ஓம், ஓம்” என்றார். பூசையில் பதில் சொல்கிற மாதிரி.

மெற்றில்டா அக்கா அந்த நேரம் குசினியில் நின்றா. கடைசிச் சொல் அவவின் காதில் விழவில்லை.

பார்சல் வந்த அன்று டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தா. “ஐயோ மாதாவே. பெரிய எழுத்திலை பேரையும் போட்டு, பக்கத்திலை இந்தச் சாமானையும் போட்டிருக்கிறாங்கள். வெள்ளிக்கிழமை செபக்கூட்டம் இந்தக் குசினிக்குள்ளைதானே நடக்குது!”

எங்கள் வீடுகளைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்து ஐஸ்கிரீம் கண்டவர் ஒருவரும் இல்லை, உள்ளே நேற்றைய இறால் கறி இருக்கும். கோப்பிப் போத்தலில் மிளகாய்த்தூள். வந்த எதையும் வந்த டப்பாவில் வைக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. அக்கா என்ன செய்தா என்றால், சுடுதண்ணியில் ஊறப்போட்டு லேபிளை உரித்துத் துண்டு துண்டாகக் கிழித்தா. டப்பாவைக் குப்பையில் போட்டா. பூவை, ஊரிலிருந்து வந்த சரக்குத்தூள் இருந்த போத்தலில் கொட்டி மூடினா. சீரகமும் மிளகும் மற்ற வாசத்தை அமத்திப்போடும் என்று கணக்கு. அதுக்குப் பிறகு பஸ்தி அண்ணை மெசினை வாயில் வைத்து மூச்சு விட்டால் வீடெல்லாம் ஆட்டிறைச்சிக் கறி மணக்கும்.

“டாக்டர் கறி வைக்கச் சொல்லேல்லை மெற்றில்டா,” என்பார் இருமிக்கொண்டு.

“மணந்தாலும் மானமாய் மணக்கட்டும்,” என்பா அவ.

ஆனால் மருந்து வேலை செய்தது. உடனே இல்லை. எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டி, ஒரு மாதம் போல் எடுத்தது. ஒரு கார்த்திகைப் பின்னேரம் தெரு விளக்குப் பற்றியது. அக்கா வந்து குந்தினா, லேசில் கை வைத்தா. அவர், “விடும்” என்றார். “படுத்திட்டான்.” பிறகு என்னைப் பார்த்து, சத்தம் போட்டால் எழும்பிவிடும் என்ற மாதிரி, மெல்லமாக: “விரல் விரிஞ்சு கிடக்கு ஜீவம். சப்பாத்தே இல்லாத மாதிரி.”

அன்றைக்கு மூன்று பேரும் ஹை ஸ்ட்ரீட் நோர்த்துக்கு நடந்து போனோம். நகைக் கடை வெளிச்சம், சேலைக் கடை பொம்மைகள், றோல்ஸ் பொரிக்கிற வாசம். இருட்டின பிறகு அவர் வெளியே வந்தே எவ்வளவோ காலம். அவர் ஒவ்வொரு கடைக் கண்ணாடியிலும் தன் கால்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். நானும் பார்த்தேன். கண்ணாடியில் இரண்டு காலும் ஒரே மாதிரித்தான் நடந்தன.

பிறகு வோல்சிங்கம் மாதா யாத்திரை. யூலை மாதம். என் வானுக்குள் கதிரை பூட்டிக் கோயில் ஆட்களில் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு போனேன். முன்னுக்குப் பஸ்தி அண்ணை. பின்னுக்கு மெற்றில்டா அக்கா, செபக்கூட்டத்தில் பாட்டெடுக்கிற செல்வமலர் அக்கா, வேறு மூன்று பேர். போகும்போது ஒரே பாட்டும் சிரிப்பும். திரும்பி வரும் வழியில், பெருந்தெருக் கரையில் வான்களை விட்டுச் சாப்பிடுகிற இடமொன்றில் நிறுத்தினோம். கனநேரம் மடக்கி இருந்ததால் கால் வந்துவிட்டது. அவர் இறங்கி வானுக்குப் பின்னால் போய் நின்று மெசினை எடுத்தார்.

மணத்துக்கு ஒரு பொலிஸ்காரப் பெடியன் வந்தான். மரியாதையாகத்தான் கேட்டான், அதைச் சொல்ல வேணும். இது என்ன என்றான். “மெடிசின், சேர்.” டப்பாவைக் காட்டுங்கள் என்றான். பஸ்தி அண்ணை பையிலிருந்து சரக்குத்தூள் போத்தலை எடுத்து நீட்டினார். பெடியன் மூடியைத் திறந்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மூன்று தரம் தும்மினான்.

லேபிள் எங்கே என்றான்.

அப்போதுதான் பஸ்தி அண்ணை மெற்றில்டா அக்காவைத் திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த றோல்ஸ் விழுந்ததும் தெரியாமல் அக்கா தமிழிலேயே அழத் தொடங்கிவிட்டா. “நான்தான் சேர் உரிச்சனான். சனம் பாக்கும் எண்டு உரிச்சனான்.” நான் எனக்குத் தெரிந்த இங்கிலீசில், “வைஃப் வோஷ் த பேப்பர்” என்றேன். அவனுக்கு அது என்னத்தை விளங்கும்?

டிலக்சனாவுக்குப் போன் அடித்தோம். அவ டாக்டர் எழுதினதைப் போனுக்கு அனுப்பினா. பெடியன் ஆறுதலாக வாசித்தான். வாசித்துவிட்டுக் கேட்டான்: டாக்டர் எழுதினது சரி, ஆனால் இந்தப் போத்தலில் இருக்கிறது அந்த மருந்துதான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவன் பிழை இல்லை. பிழை எங்களுடையது. போத்தலையும் மெசினையும் லேபிள் இல்லாத எண்ணெய்க் குப்பியையும் ஒரு பைக்குள் போட்டு மூடினான். பேர், விலாசம், பிறந்த திகதி. பஸ்தி அண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னார். அவருடைய பேரின் ஒவ்வொரு எழுத்தையும் அவன் திருப்பிக் கேட்க, அவர் உரத்துச் சொல்ல, மற்ற நாலு பேரும் வான் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பவும் வானில் ஏறினோம். கொஞ்சத் தூரம் வந்ததும் செல்வமலர் அக்கா செபமாலையைத் தொடங்கினா. எல்லாரும் பதில் சொன்னார்கள், பஸ்தி அண்ணையும். யாருக்காகச் செபிக்கிறது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

கிளினிக்கில் விசாரித்த பிறகு நடவடிக்கை ஒன்றும் இல்லை என்று பொலிஸ் சொல்லிவிட்டது. எடுத்த மருந்து திரும்பி வரவில்லை. ஆனால் இது இருமல் மருந்து இல்லை, தொலைந்துவிட்டது என்று கேட்டவுடன் இன்னொன்று தருகிறதுக்கு. டாக்டர் திரும்பவும் கூப்பிட்டு, என்ன நடந்தது என்று கேட்டு, இன்னொரு தரம் இப்படி நடந்தால் தொடர்ந்து எழுத ஏலாமல் போகும் என்று சொல்லி, அடுத்த தவணை வரும்வரை பொறுக்கச் சொன்னா. அந்த இடைநாளில் கால் திரும்பி வந்தது. முந்தி இருட்டோடுதான் வரும். இப்போது யூலை மாத வெயிலில், ஒன்பது மணி மட்டும் வெளிச்சமாக இருக்கிற பின்னேரத்தில் வந்தது.

“வெளிச்சத்துக்கும் பழகிட்டான்,” என்றார். அவர் அப்படிப் பயந்து நான் கண்டதில்லை.

மெற்றில்டா அக்கா சாப்பிடாமல் கிடந்தா. ஒரு நாள் அவர் கூப்பிட்டு முன்னால் இருத்தினார். “எடியே, நீ உரிச்சது லேபிளை மட்டும்தான். என்னை ஒருத்தரும் உரிக்கேல்லை. எழும்பிச் சோத்தைப் போடு.” அதற்குப் பிறகு அந்த விசயத்தை அவர் எடுத்ததே இல்லை.

புது டப்பா வந்ததும் அதை மடு மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தார், லேபிள் முன்னுக்குத் தெரிய. வெள்ளிக்கிழமை செபக்கூட்டம் வந்தது. பெண்கள் மாதாவைப் பார்க்கிறார்கள், டப்பாவைப் பார்க்கிறார்கள். ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லாரும் போன பிறகு செல்வமலர் அக்கா மட்டும் சப்பாத்துப் போடுகிற சாட்டில் வாசலில் நின்றா. நான் படியில் இருந்தேன்.

“பஸ்தித் தம்பி, உது உண்மையாய் நோவுக்குக் கேக்குதோ?”

“எனக்குக் கேக்குது அக்கா.”

“என்ரை முழங்கால் படிக்கட்டு ஏற விடுகுதில்லை. ஒரு துளி... சின்னப் போத்தலிலை ஊத்தித் தாருமன். ஆருக்குத் தெரியப்போகுது?”

இதுவும் எங்கள் பழக்கம்தான். உமக்கு இந்தக் குளிசை பிடிச்சதோ, எனக்கும் இரண்டு தாரும். கஷாயம் மாதிரி மருந்தையும் பங்கு போடுவோம்.

“தந்தால் நான் குற்றவாளி அக்கா. பகிடி இல்லை. வாங்கினால் நீங்களும்தான். டிலக்சனாவின்ரை நம்பர் தாறன். டாக்டரோடை கதைக்கிறதுக்குப் பிள்ளை ஒழுங்கு செய்யும்.”

“டாக்டரிட்டைப் போய்க் கஞ்சா கேக்கச் சொல்லுறீரோ? என்ரை பேரப்பிள்ளையள் என்ன நினைக்கும்?”

“அப்ப என்னட்டைக் கேட்டால் என்ன நினைக்கும்?”

அவவின் முகம் அப்படியே கறுத்தது. பொல்லை ஊன்றிக்கொண்டு, அந்த முழங்காலோடு, படியால் பக்கவாட்டில் இறங்கிப் போனா. நோவு பொய்யில்லை, எனக்குத் தெரிந்தது. பஸ்தி அண்ணைக்கும் தெரிந்தது. கதவைச் சாத்திவிட்டுக் கனநேரம் அதன் மேல் கை வைத்தபடி நின்றார். “குடுக்கலாம்,” என்றார் கடைசியில். “மனசு சொல்லுது குடுக்கலாம் எண்டு. ஆனா குடுத்தால் நான் பார்க்கிலை நிக்கிற பெடியன்தான்.”

செத்தவீட்டில் கேக்கைக் கடித்துக்கொண்டு அந்தக் கதையைச் சொன்னது செல்வமலர் அக்காதான். கெட்ட மனுசி இல்லை. அவருக்காகப் பூசை கொடுத்ததும், முப்பத்தொராம் நாளுக்குச் சமைக்க வந்ததும் அவதான். அதனால்தான் எனக்கு இன்னும் எரிகிறது. கெட்ட மனுசியென்றால் எப்போதோ மறந்திருப்பேன்.

தை மாதம் பஸ்தி அண்ணைக்குத் திடீரென்று வயிற்றுக்குத்து, நடுக்கம். ஆஸ்பத்திரியில் பித்தப்பை என்றார்கள். நஞ்சு பரவிவிட்டது என்றார்கள். மருந்து ஏற்றினார்கள். அவர் வீட்டில் எடுத்த மருந்தைப் பற்றி டிலக்சனா டாக்டர்மாரிடம் மறைக்காமல் எல்லாம் சொன்னா. இந்த நிலைமையில் வேண்டாம், நோவுக்கு வேறு கொடுக்கிறோம் என்றார்கள்.

கடைசியாக நான் பார்க்கப் போனது ஒரு பின்னேரம். வார்ட் யன்னலுக்கு வெளியே வெளிச்சம் செத்துக்கொண்டிருந்தது. மெற்றில்டா அக்காவும் மகளும் தேத்தண்ணி குடிக்கக் கீழே போயிருந்தார்கள். பஸ்தி அண்ணை விழித்துத்தான் இருந்தார். போர்வை இடது பக்கம் உயர்ந்து நின்றது, வலது பக்கம் முழங்காலோடு பள்ளமாகக் கிடந்தது. நான் கட்டிலில் இருக்கப் போனேன். “அங்காலை இரு,” என்றார். “அவன்ரை மேலை இருக்கப்போறாய்.”

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் கதிரையை இழுத்துக்கொண்டு இருந்தேன். பள்ளமாகக் கிடந்த போர்வையைப் பார்க்காமல் இருக்கத்தான் பார்த்தேன், கண் அங்கேயே போனது.

“வீட்டிலை மருந்து மிச்சம் இருக்கு,” என்றார். மூச்சு வாங்கி வாங்கித்தான் பேச்சு வந்தது. “நான் போனால் அதை வைச்சிருக்கப்பிடாது. பார்மசியிலை திருப்பிக் குடு. மெற்றில்டாவுக்கு விளங்காது, பிள்ளைக்கு நேரம் வராது. நீ செய்.”

“விசர்க் கதை கதையாதையுங்கோ அண்ணை.”

“செல்வமலர் அக்கா வந்து கேப்பா. குடுக்காதை. டாக்டரிட்டைப் போகச் சொல்லு, நீயே வானிலை கூட்டிக்கொண்டு போ. லேபிளைக் கிழிக்காமல் குடு. வாங்கிற ஆள் என்ரை பேரை வாசிக்கவேணும்.”

செய்தேன். செத்தவீடு முடிந்த அடுத்த நாளே. பார்மசிப் பிள்ளை டப்பாவைக் கையில் வாங்கி, லேபிளில் இருந்த பேரை எழுத்துக்கூட்டி வாசித்து, “ஐ ஆம் சொறி” என்று சொன்னது. செல்வமலர் அக்காவை நான் இன்னும் கூட்டிக்கொண்டு போகவில்லை. கேட்டேன், வரமாட்டேன் என்கிறா.

ஆஸ்பத்திரியில் தந்த பையில் அவருடைய உடுப்பும் பொய்க்காலும் வந்தன. பொய்க்கால் இன்னும் நடையில், சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. மார்கழியில் விளக்குப் பற்றினதும் மெற்றில்டா அக்கா வந்து குந்தி லேசை இளக்குகிற சத்தம் மேலே கேட்கும். நேற்று இளக்கினதை இன்றைக்கு ஏன் திரும்ப இளக்க வேணும், இடையில் கட்டுவது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

அன்றைக்கு வார்ட்டில் நேரம் முடிந்தது என்று நேர்ஸ் வந்து சொன்னா. நான் எழும்பி ஜாக்கெட்டைப் போட்டேன். வெளியே கார் நிறுத்துமிடத்து விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றின. பஸ்தி அண்ணையின் முகம் இறுகியது. எனக்கு அந்த முகம் தெரியும்.

“ஜீவம்.”

“சொல்லுங்கோ அண்ணை.”

அவர் கட்டிலடியைக் கண்ணால் காட்டினார். பொய்க்கால் அங்கே, சப்பாத்தோடு, சுவரில் சாய்த்து வைத்திருந்தது. யாரோ நல்ல மனசுக்காரப் பிள்ளை லேசை அழகாக, இரட்டை முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

“போக முதல் அதை ஒருக்கால் இளக்கிவிட்டிட்டுப் போ.”